பாரிஸில் ஆப்பிரிக்கப் புலம்பெயர் பண்பாட்டைப் படிக்க விரும்புவோருக்கு

சமூகவியலில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர், ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் பண்பாட்டை ஐரோப்பிய நகரம் ஒன்றில் தங்கிப் படிக்க விரும்புவதாகச் சொல்லி மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பாரிஸ் ஏற்ற இடமா? ஐந்தாறு மாதங்கள் கொண்ட ஒரு பருவம் போதுமா? பிரெஞ்சு தெரியாமல் சமாளித்துவிட முடியுமா? கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: முடியாது. அருங்காட்சியகங்களில் ஆங்கிலக் குறிப்புகள் உண்டு, ஆங்கிலவழிப் பாடங்களும் உண்டு. ஆனால் சந்தையில் மரவள்ளிக் கிழங்கு விற்கும் பெண்மணியும், தொழிலாளர் விடுதியில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட மாலி நாட்டுப் பெரியவரும் உங்களிடம் பிரெஞ்சிலோ, மாலியில் வழங்கும் பம்பாரா மொழியிலோதான் பேசுவார்கள். அந்த மொழி இல்லாமல் போனால், அமெரிக்கர்கள் ஆங்கிலத்தில் எழுதிவைத்த பாரிஸை இங்கிருந்தே படித்துவிட்டு, அதே பாரிஸை அங்கே போய்ச் சரிபார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சற்று நீளமானது.

பாரிஸ் ஏற்ற இடம்தான். ஆனால் 'ஆப்பிரிக்கப் புலம்பெயர் சமூகம்' என்று ஒருமையில் ஒன்று அங்கே இருக்கும் என்ற எண்ணத்தோடு போனால் முதல் மாதத்திலேயே குழம்பிப் போவீர்கள். பிரெஞ்சு அரசு தன் குடிமக்களை இனவாரியாக எண்ணுவதில்லை. இனம் சார்ந்த தகவல்களைத் திரட்டுவதை 1978ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. ஆய்வுகளில் இன வகைப்பாட்டைச் சேர்க்கும் முயற்சியை 2007இல் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றமும் தடுத்துவிட்டது. ஆகவே பாரிஸில் எத்தனை கறுப்பின மக்கள் வாழ்கிறார்கள் என்ற எளிய கேள்விக்கு அதிகாரபூர்வமான விடை கிடையாது. பிறந்த நாடும் குடியுரிமையும் பதிவாகும் என்பதால் செனகலில் பிறந்தவரைக் கணக்கில் காணலாம். ஆனால் கரீபியக் கடலின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பிறந்தவர் பிறப்பிலேயே பிரெஞ்சுக்காரர், அத்தீவுகள் 1946 முதல் பிரான்சின் மாவட்டங்கள் என்பதால் அவர் புலம்பெயர்ந்தவர் பட்டியலிலேயே வரமாட்டார். சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டுமா வேண்டாமா என்று வாதிட்டுப் பழகிய நமக்கு இந்தச் சிக்கலின் இரு பக்கமும் எளிதில் விளங்கும். எண்கள் இல்லாத இடத்தில் தெருக்களையும் கட்டடங்களையும் ஆவணங்களையும் கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த வகையில் பாரிஸ் நல்ல பயிற்சிக்களம்.

அங்கே வந்து சேர்ந்தவர்களை மூன்று வரவுகளாகப் பிரித்துக்கொண்டால் தெளிவு கிடைக்கும்: அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினக் கலைஞர்கள், கரீபியத் தீவுகளிலிருந்து குடிமக்களாக வந்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து முதலில் காலனிக் குடிகளாகவும் பின்னர் தொழிலாளர்களாகவும் வந்தவர்கள். மூவருக்கும் பிரான்ஸ் வேறு வேறு முகம் காட்டியது.

அமெரிக்க வழித்தடம் எல்லோருக்கும் தெரிந்தது. 1925 அக்டோபரில் ஷான்செலிசே நாடக அரங்கில் ஆடத் தொடங்கிய ஜோசஃபின் பேக்கர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியேறிய எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட், 1948 நவம்பரில் நாற்பது டாலரோடு வந்திறங்கிய எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், துர்னோன் காப்பிக்கடையில் ரைட் போன்றோரோடு கூடிய நாவலாசிரியர் செஸ்டர் ஹைம்ஸ் என்று அந்தப் பட்டியல் நீளும். ரைட்டின் அஸ்தி பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. பேக்கருக்கு 2021 நவம்பர் 30 அன்று, நாட்டின் பெருமக்களைப் போற்றும் பாந்தெயோனில் நினைவிடம் அளித்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் வெளிநாட்டுப் பருவத் திட்டங்களில் பல இந்தத் தடத்தைச் சுற்றியே நடக்கின்றன, இரண்டு நாளில் நடந்தும் முடித்துவிடலாம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இது பாரிஸைப் பற்றி மிகக் குறைவாகக் கற்றுத்தரும் தடம் என்பது என் கருத்து. அவர்களை பாரிஸ் அமெரிக்கர்களாக வரவேற்றது. அவர்களில் கூர்ந்து பார்த்தவர்கள், தங்களுக்குக் கிடைத்த மரியாதை பக்கத்துத் தெருவில் வசித்த அல்ஜீரியருக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கண்டுகொண்டார்கள். 1961 அக்டோபர் 17 இரவு, ஊர்வலமாகச் சென்ற அல்ஜீரியர்களைக் காவல்துறையினர் தாக்கிக் கொன்று பலரை சேன் ஆற்றில் வீசினார்கள். சான் மிஷேல் பாலத்தருகே அதற்கான நினைவுப் பலகை வைக்க 2001 வரை ஆனது. எழுத்தாளர்கள் கூடிய காப்பிக்கடைகளிலிருந்து அந்தப் பாலத்துக்குச் சில நிமிட நடைதான்.

என்னைக் கேட்டால், படிப்பை 1931ஆம் ஆண்டிலிருந்து தொடங்குங்கள். அவ்வாண்டு மே மாதம் வான்சேன் காட்டை ஒட்டி மாபெரும் காலனியக் கண்காட்சி திறக்கப்பட்டது. பிரான்ஸ் தன் காலனிகளைக் கோயில்களாகவும் குடிசைகளாகவும் மனிதர்களாகவும் வரிசைப்படுத்திக் காட்டிய விழா அது. அதற்காகக் கட்டப்பட்ட போர்த் தோரே மாளிகை இன்றும் நிற்கிறது, 2007 முதல் குடியேற்ற வரலாற்று அருங்காட்சியகமாகச் செயல்படுகிறது. அதன் முகப்புச் சுவர் முழுவதும் சிற்பி ழானியோ செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள்: காலனி மக்கள் சுமக்கிறார்கள், வெட்டுகிறார்கள், அறுக்கிறார்கள், கப்பல்களெல்லாம் பிரான்சை நோக்கி வருகின்றன. உள்ளே போகும் அவசரம் வேண்டாம். அந்தச் சுவர் முன் ஒரு முற்பகலைச் செலவிட்டு, யார் என்ன வேலை செய்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்.

அந்தக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த அதே 1931இல்தான் மார்த்தினிக்கிலிருந்து எய்மே செசேர் என்ற பதினெட்டு வயது மாணவர் லூயி லெ கிரான் பள்ளிக்கு வந்து சேர்ந்து, செனகலைச் சேர்ந்த லெயோபோல் செங்கோரைச் சந்தித்தார். அதே ஆண்டில்தான் மார்த்தினிக்கிலிருந்து வந்து சோர்போனில் படித்த பொலெத் நர்தால், பாரிஸை அடுத்த க்ளமாரில் தன் சகோதரிகளோடு வாழ்ந்த வீட்டில் ஞாயிறுதோறும் கூடிய நண்பர்களின் துணையோடு, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமாக ஓர் இதழைத் தொடங்கினார். ஆறு இதழ்களோடு அது நின்றுபோனது. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் எழுத்தாளர்களும் கரீபிய மாணவர்களும் ஆப்பிரிக்க மாணவர்களும் ஒரே அறையில் அமர்ந்து பேசியது அந்த வீட்டில்தான். செசேர், செங்கோர், பிரெஞ்சு கயானாவின் லெயோன் தமாஸ் ஆகிய மூவரின் பெயரோடு உலகம் அறிந்த, கறுப்பின அடையாளத்தைப் பெருமையோடு முன்வைத்த 'நெக்ரித்யூத்' இலக்கிய இயக்கத்தின் விதைகள் அங்கே விழுந்தவை. தாங்கள் முதலில் சொன்னவற்றையே ஆண்கள் பிறகு கூடுதல் பகட்டோடு சொன்னார்கள், தாங்கள் பெண்கள் என்பதால் மறக்கப்பட்டோம் என்று நர்தால் பிற்காலத்தில் கடிதமொன்றில் எழுதினார். பாரிஸ் நகரின் 14ஆம் வட்டாரத்தில் நடைபாதை ஒன்றுக்கு நர்தால் சகோதரிகள் இருவரின் பெயர் வைக்கப்பட்டது 2019இல்தான்.

இதன் தொடர்ச்சியை 5ஆம் வட்டாரத்தில் தேடுங்கள். எக்கோல் தெருவில் 'பிரெசான்ஸ் அஃப்ரிக்கேன்' புத்தகக் கடை இருக்கிறது. செனகல்காரரான அலியூன் தியோப் 1947இல் தொடங்கிய இதழும் 1949இல் தொடங்கிய பதிப்பகமும் அந்தப் பெயரில் வளர்ந்தவை. அவர் முன்னின்று 1956 செப்டம்பரில் சோர்போனில் கூட்டிய கறுப்பின எழுத்தாளர், கலைஞர் மாநாட்டின் உரைகளைப் படித்துவிட்டுப் போங்கள். செசேர், செங்கோர், ஃபிரான்ஸ் ஃபனோன், ஷேக் அன்தா தியோப், ரைட் எல்லோரும் ஒரே அரங்கில் இருந்தார்கள். அமெரிக்க அரசு கடவுச்சீட்டு தராததால் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் வர முடியாமல் செய்தி மட்டும் அனுப்பினார். அங்கே நடந்த வாக்குவாதம்தான் எனக்கு மாநாட்டின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையும் ஒருவகைக் காலனிய நிலையே என்று செசேர் பேச, அமெரிக்கப் பிரதிநிதிகள் சிலர் அதை ஏற்க மறுத்து வருந்தினார்கள். ஒரே தோல் நிறம், ஒரே அரங்கு, ஆனால் தங்கள் நாடு என்று அவர்கள் நினைத்தது வேறு வேறாக இருந்தது.

கரீபிய வரவின் பெரும்பகுதி இந்த இலக்கிய வட்டத்துக்கு வெளியே நடந்தது. 1963 முதல் 1981 வரை 'பியுமிதோம்' என்ற அரசு அலுவலகம் குவாதலூப், மார்த்தினிக், இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் முதலிய இடங்களிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பிரான்சுக்கு அழைத்துவந்தது. மருத்துவமனைத் துப்புரவு, தாதியர் உதவி, அஞ்சல் பிரிப்பு, வீட்டு வேலை ஆகியவற்றில் அவர்கள் அமர்த்தப்பட்டார்கள். சட்டப்படி குடிமக்கள், நடைமுறையில் கூலி ஆட்கள். அவர்களுடைய பிள்ளைகளின் தலைமுறை 1998 மே 23 அன்று, அடிமைகளாக இருந்த தம் முன்னோரின் பெயரால் பாரிஸில் பல்லாயிரம் பேராக அமைதி ஊர்வலம் நடத்தியது. அடிமை வணிகத்தையும் அடிமை முறையையும் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவித்த 2001ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்த ஊர்வலமும் ஒரு காரணம். மதலேன் தேவாலயத்துக்கு அருகில் ஒரு தெருவின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். 1802இல் குவாதலூப்பில் எழுச்சியை ஒடுக்கி அடிமை முறை திரும்ப வழிவகுத்த தளபதி ரிஷ்பான்சின் பெயரைத் தாங்கியிருந்த தெரு அது. இன்று அது, குவாதலூப்பில் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்து 18ஆம் நூற்றாண்டு பாரிஸின் புகழ்பெற்ற வயலின் கலைஞராகவும் வாள்வீரராகவும் விளங்கிய செவாலியே சான் ஜார்ஜின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

மூன்றாவது வரவைப் படிக்கத்தான் அதிகப் பொறுமை வேண்டும். 1960களில் செனகல் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து, குறிப்பாக மாலியின் காய் பகுதியிலிருந்து, சொனின்கே ஆண்கள் தொழிற்சாலை வேலைக்கு வந்தார்கள். அரசும் சங்கங்களும் நடத்திய விடுதிகளில் ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வாழ்ந்து, ஊர்ப் பணப்பெட்டி வைத்து, கிராமத்தில் கிணறும் பள்ளியும் மருந்தகமும் கட்டினார்கள். வளைகுடா போனவர்கள் ஊர்க்கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பணம் அனுப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. பாரிஸின் கிழக்கு எல்லையை ஒட்டிய மோந்த்ரேய் நகரை மாலியின் இன்னொரு நகரம் என்று வேடிக்கையாகச் சொல்லும் அளவுக்கு அங்கே அவர்கள் பெருகினார்கள். 1974இல் தொழிலாளர் வரவுக்குக் கதவு மூடப்பட்ட பின் தங்குவதற்கான ஆவணத் தாள்கள் இல்லாதோர் என்ற வகை உருவானது. 1996 கோடையில் அப்படிப்பட்ட சுமார் முந்நூறு ஆப்பிரிக்கர்கள் 18ஆம் வட்டாரத்தின் சான் பெர்னார் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். ஆகஸ்ட் 23 அன்று காவல்துறை கதவைக் கோடரியால் உடைத்து அவர்களை வெளியேற்றியது. தாள்கள் இல்லாதோர் என்று பொருள்படும் 'சான் பாப்பியே' என்ற சொல் பிரெஞ்சு அரசியலில் நிலைபெற்றது அந்தக் கோடையில்தான்.

அந்தத் தேவாலயம் இருக்கும் குத் தோர் பகுதியும் அதை ஒட்டிய ஷாத்தோ ரூஜ் சந்தையும் உங்கள் களமாகலாம். தெழான் தெருச் சந்தையில் மீன், சேனை, வாழை, பனையெண்ணெய் எல்லாம் கிடைக்கும். வாங்க வருவோரில் பலர் அங்கே வசிப்பவர்கள் அல்லர், புறநகர்களிலிருந்து சனிக்கிழமைகளில் வருபவர்கள். கடைக்காரர்கள் எல்லோரும் ஆப்பிரிக்கர்களும் அல்லர். இதைக் கவனிக்காமல் 'ஆப்பிரிக்கக் குடியிருப்பு' என்று எழுதிவிட்டால் ஆய்வின் முதல் வரியே பிழையாகிவிடும். இதைப்போலவே, 10ஆம் வட்டாரத்தில் ஷாத்தோ தோ நிலையத்தருகே சடை பின்னும் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. வேலை தேடிவந்த பெண்கள் ஊதியம் தரப்படாமல் 2014இல் வேலைநிறுத்தம் செய்த இடமும் அதுதான். அவ்விடங்களில் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள். சடை பின்னிக்கொள்ளுங்கள், துணி வாங்குங்கள், பிறகு பேசுங்கள்.

துணியைப் பற்றி ஒரு சொல். குத் தோர் தையற்கடைகளில் தொங்கும் வண்ண 'வாக்ஸ்' துணியை ஆப்பிரிக்காவின் அடையாளமாகப் பார்க்கிறோம். அது ஜாவாவின் பாத்திக்கை இயந்திரத்தில் பின்பற்றி ஹாலந்துக்காரர்கள் செய்து, மேற்கு ஆப்பிரிக்காவில் விற்று, அங்குள்ள பெண் வணிகர்கள் தங்களுடையதாக்கிக்கொண்ட துணி. அதற்கும் முன்பு ஒரு கதை உண்டு, அது நம் கடற்கரையிலிருந்து புறப்படுகிறது. புதுச்சேரியில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணியை பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்று அழைத்தார்கள். செனகல் ஆற்றோரத்தில் கருவேலம் பிசின் வாங்க அதையே நாணயமாகப் பயன்படுத்தினார்கள். அடிமைகளை வாங்கக் கொடுக்கப்பட்ட சரக்குகளிலும் இந்தியப் பருத்தித் துணிக்கு முக்கிய இடம் இருந்தது. குவாதலூப், மார்த்தினிக் பெண்கள் விழா நாள்களில் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு இன்றும் பெயர் 'மதராஸ்'. அடிமை முறை 1848இல் ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் வழியாகப் பெரும்பாலும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள், குவாதலூப்புக்கு மட்டும் 40,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். அத்தீவுகளின் கறியில் போடும் மசாலாவுக்கு 'கொலொம்போ' என்று பெயர். அது கொழும்பிலிருந்து வந்த சொல்லா நம் குழம்பிலிருந்து வந்ததா என்று இன்னும் வாதிடுகிறார்கள். நான் குழம்பின் பக்கம். இலங்கைத் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலிலிருந்து ஷாத்தோ ரூஜுக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். அந்த நடையில் கையிலிருக்க வேண்டிய கேள்வி, நம் கடற்கரையிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போன இந்தத் துணியைப் பற்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழ் தெரிந்த ஆய்வாளருக்கு மட்டுமே எளிதாக வாய்க்கக்கூடிய கேள்வியும் அதுவே.

ஆவணங்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. இரு போர்களுக்கு இடைப்பட்ட பாரிஸில் லமீன் செங்கோர், கராங் குயாத்தே போன்ற தொழிலாளர் தலைவர்கள் நடத்திய சங்கங்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அவர்களை வேவு பார்த்த உளவாளிகள் காலனி அமைச்சகத்துக்கு எழுதிய அறிக்கைகளிலிருந்து வருவது. அக்கோப்புகள் பாரிஸில் இல்லை, தெற்கே எக்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு வாரம் ஒதுக்கிப் போய்வாருங்கள். கூட்டத்தில் யார் வந்தார், யார் என்ன பேசினார் என்று காசு வாங்கிக்கொண்டு எழுதியவரின் கண் வழியாகவே அதைப் படிக்கிறோம் என்ற நினைவோடு படியுங்கள்.

படிப்பிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்பிரிக்க ஆய்வுக்கு சமூக அறிவியல் உயராய்வுப் பள்ளியும் பாரிஸ் 1 பல்கலைக்கழகமும் நல்லவை, பாரிஸ் 8 பல்கலைக்கழகம் வடக்குப் புறநகரான சான் தெனியிலேயே இருப்பதால் புறநகர் வாழ்வுக்கு நெருக்கமானது. இனால்கோ என்ற கீழைமொழிக் கல்வி நிறுவனத்தில் பம்பாரா, ஒலோஃப், ஸ்வாஹிலி கற்கலாம், அங்கே தமிழும் கற்பிக்கப்படுகிறது என்பது உதிரிச் செய்தி. உங்கள் கல்லூரிக்கு ஒப்பந்தம் இருந்தால் பரிமாற்ற மாணவராகப் போவது மலிவு. தனியாகச் சேர்ந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் அதிகம்: அப்போது முதுகலைக்கு ஆண்டுக்கு 3,770 யூரோ, பிறகு ஏறிவருகிறது. பல பல்கலைக்கழகங்கள் விலக்கு அளிப்பதால் கேட்டுப் பாருங்கள். விண்ணப்பமும் விசாவுக்கு முந்தைய நடைமுறையும் கேம்பஸ் பிரான்ஸ் என்ற பிரெஞ்சு அரசு நிறுவனத்தின் வழியாக நடக்கும். இறங்கிய மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிசெய்ய மறந்தால் வீண் அலைச்சல். தங்க இடம் கிடைப்பதுதான் மிகக் கடினம். பன்னாட்டு மாணவர் வளாகத்தில் இந்திய இல்லம் இருக்கிறது, முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அதே வளாகத்தில் உள்ள லூசியன் பாய் விடுதி ஆப்பிரிக்கா உள்ளிட்ட பிரெஞ்சுக் காலனிகளின் மாணவர்களுக்காகக் கட்டப்பட்டது. அங்கே நண்பர்கள் கிடைத்தால் பாதிப் படிப்பு அந்தச் சமையலறையிலேயே நடந்துவிடும்.

ஒரு பருவம் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று வரவுகளையும் படிக்கப் போதாது. ஒன்றைத் தேர்ந்து, அதிலும் ஒரு பொருளையோ ஓர் இடத்தையோ பிடித்துக்கொண்டால் போதும். மதராஸ் துணி, ஒரு விடுதியின் ஊர்ப் பணப்பெட்டி, ஒரு பெயர்ப்பலகை மாறிய கதை ஆகியவற்றில் எதுவும் நல்ல ஆய்வேடாகும். செப்டம்பரில் தொடங்கும் பருவத்தைவிட ஜனவரியில் தொடங்குவதையே பரிந்துரைக்கிறேன், மே மாதம் அதில் அடங்கும் என்பதால். மே 10 அடிமை முறை நினைவு நாள், லக்சம்பர்க் தோட்டத்தில் அரசு விழா நடக்கும், உரைகள் நிகழும், பெரும்பாலும் அழைப்பிதழ் உள்ளவர்களே முன்வரிசையில் இருப்பார்கள். மே 23 கரீபியக் குடும்பங்களின் நாள். அன்று சான் தெனிக்குப் போங்கள். பிரெஞ்சு மன்னர்கள் அடக்கம் செய்யப்பட்ட பசிலிக்காவின் அருகே, 1848இல் விடுதலையானவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. மக்கள் அதில் தங்கள் குடும்பப் பெயரை விரலால் தேடுவதைப் பார்க்கலாம். மெட்ரோவில் 13ஆம் தடம், பசிலிக் நிலையத்தில் இறங்க வேண்டும்.